சதுக்கத்தில் நிற்பவர்கள்

அத்தியாயம் 11

அண்ணிகிட்ட நான் இதுவரைக்கும் முடியாதுன்னு சொன்னதே இல்லை. சொல்லணும்னு தோணினதும் இல்லை. அதனாலதான் இப்ப எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.

இப்படி நினைத்தபடியே பிசின் தன் கையிலிருந்த சிறிய இடுக்கியைத் தட்டில் வைத்தாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், எப்போது பார்த்தாலும் விரல் நுனிகளில் பசை காய்ந்து கிடந்ததைப் பார்த்து நாத்தனார் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் இது. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. புகுந்த வீட்டில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் மறந்தே போய்விட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கட்டடங்களுக்கு மாடல் செய்வது அவள் தொழில். பசை இல்லாமல் அந்தத் தொழிலும் இல்லை.

சாப்பாட்டு மேஜை முழுக்க ஊரின் நடுப்பகுதி உட்கார்ந்திருந்தது. கடைவீதி, வங்கி, குடைக்கடை, பூட்டுக்கடை, சுவர்ப்பக்க ஓரத்தில் பழைய ஏலக்கூடம். எல்லாம் அட்டையிலும் பிளைவுட்டிலும் அவள் செய்தவை. ஒரு மாதமாக வீட்டில் எல்லோரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். குழம்பு கிழம்பு சிந்தினால் எந்தத் தெருவில் வெள்ளம் என்று கேட்பார் அவள் கணவர்.

நாளைக் காலை நகரமன்றம் கூடுகிறது. இந்த மாடலை முன்னால் வைத்து, உறுப்பினர்கள் எதிரே நின்று பார்த்துவிட்டு, கடைவீதித் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போடப் போகிறார்கள். திட்டம் நாத்தனாருடையது. நகரமன்றத்தின் திட்ட அலுவலகத்தில் அவர் தலைமை அதிகாரி. ஊரின் மறுகோடியில் அவருக்கு வசதியான வீடு இருக்கிறது. ஆனால் போன மாதம் ஒரு நாள், மாடல் இல்லாத வீட்டில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு பெட்டியோடு வந்து இறங்கினவர், தம்பி வீட்டுக் கூடத்து சோபாவிலேயே தங்கிவிட்டார்.

சற்று முன் அவருக்குப் போன் வந்தது. நகரமன்றத் தலைவர். மாடலின் படங்களைப் பார்த்தாராம். எல்லாம் பிரமாதம், ஏலக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கம் மட்டும் மொட்டையாக இருக்கிறது என்றாராம். ஆளே இல்லாத இடத்துக்கு எவன் ஓட்டுப் போடுவான் என்றும் கேட்டாராம்.

நாத்தனார் போனை வைத்துவிட்டு மாடலைப் பார்த்தார். பிறகு பிசினைப் பார்த்தார்.

"சதுக்கத்துல கொஞ்சம் ஆள் வச்சிடு பிசின். ஒரு அறுபது பேர். சாயங்காலத்துக்குள்ள முடியுமா?"

"பார்க்கிறேன் அண்ணி."

மற்றவர்கள் பார்க்கிறேன் என்றால் அதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். பிசினுக்கு ஒன்றுதான். அவள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அவள் வேலை செய்யும் முறை அப்படி. மாடலில் நிற்கும் ஒவ்வொரு ஆளும் சுண்டுவிரல் நகத்தளவுதான். கம்பியை வளைத்து, காகிதக்கூழ் பூசி, ஒரு பொட்டு வண்ணம் வைத்தால் முடிந்தது. ஆனால் நிஜமாக அந்த இடத்தில் ஒருவர் நிற்பதை அவள் கண்ணால் பார்த்திருந்தால்தான் மாடலில் அங்கே ஆள் வைப்பாள். பூட்டுக்கடைத் தூணில் ஒரு காலை மடித்துச் சாய்ந்திருப்பவர், வங்கிப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் பெண், குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் மனிதர், எல்லோரும் அவள் பார்த்தவர்கள். தெருவில் அவர்களைத் திரும்பப் பார்க்கும்போது தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர்கள் குழம்பிப்போய்த் தாங்களும் சிரித்துவைப்பார்கள்.

இந்தப் பழக்கம் அவளுக்குத் தானாக வந்ததில்லை.

புது மருமகளாக வந்த சமயம் அவள் அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு மாடல் செய்துகொண்டிருந்தாள். ஆட்களைப் பாக்கெட்டில் வாங்கி, புல்தரையில் விதைப்பதுபோல் தூவி ஒட்டிவிடுவாள். புகுந்த வீட்டில் எல்லோரும் அதைப் பொம்மை வேலை என்றுதான் நினைத்தார்கள். நாத்தனார் மட்டும் ஒருநாள் மேஜைக்கு அருகில் மண்டியிட்டு, தாடையை மேஜை விளிம்பில் வைத்து, அந்தச் சின்னத் தெருவுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவங்கல்லாம் யாரு? எதுக்கு இங்க நிக்கிறாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றிலிருந்துதான் பிசின் தெருவில் ஆட்களைப் பார்த்துவிட்டு வைக்க ஆரம்பித்தாள். தன் வேலையை ஒருவர் அத்தனை அருகில் வந்து பார்த்தது அவளுக்கு அதுவே முதல் தடவை. அன்றைக்கு ஏற்பட்ட கூச்சமும் சந்தோஷமும் இன்னும் அவளுக்குள் அப்படியே இருக்கின்றன. இந்த மனுஷி எது கேட்டாலும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்த மேஜை விளிம்பில்தான் முளைத்தது.

*

கடைவீதிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். நாத்தனாருக்கு அங்கே ஒரு சந்திப்பு இருந்தது.

அவரோடு கடைவீதியில் நடப்பது என்பது நடப்பது அல்ல, நின்று நின்று போவது. குடைக்கடைக்காரர் கூப்பிட்டார். வங்கி வாசலில் காவலாளி எழுந்து நின்றார். நாத்தனார் எல்லோரிடமும் ஏதோ ஒன்றைக் கேட்டார், கேட்டதற்கு வரும் பதிலை முழுக்கக் கேட்டார். அதுதான் பிசினுக்கு எப்போதும் ஆச்சரியம். அவ்வளவு அவசரத்தில் இருப்பவர், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை அவசரமே இல்லாதவர்போல் நிற்பார்.

ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகம் வந்ததிலிருந்து கடைவீதி மாலை ஆறு மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டுப் படுத்துவிடும். இந்தத் தெருவை என்ன செய்யலாம் என்று நகரமன்றம் கேட்டபோது, அலங்கார விளக்கு, வளைவு, நீரூற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாத்தனார் மட்டும் சாவி கேட்டுக்கொண்டு போனார்.

ஒவ்வொரு கடைக்கும் மேலே ஒரு மாடி. மாடியில் உடைந்த நாற்காலியும் காலி அட்டைப்பெட்டியும். கடை கடையாக ஏறி, மாலை நேரத்துக்கு மட்டும் அந்த அறையைத் தர முடியுமா என்று கேட்டார். முதலில் யாரும் தரவில்லை. பூட்டுக்கடைக்காரர்தான் முதலில் இறங்கி வந்தார். இத்தனை காலமாகப் பூட்டு விற்கிறேன், திறந்து வையுங்கள் என்று என்னிடம் வந்து கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றாராம்.

இப்போது குடைக்கடை மாடியில் மருத்துவமனை நர்சுகளின் நாடகக் குழு ஒத்திகை பார்க்கிறது. வங்கி மாடியில் ஒரு சேர்ந்திசைக் குழு. துணிக்கடைக்கு மேலே ஓவிய வகுப்பு. தாளம் தட்டுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது என்று, எந்த மாடியில் எந்தக் கிழமை யார் என்பதைக்கூட நாத்தனார்தான் பிரித்துக் கொடுத்தார். ஒத்திகை முடிந்தவர்கள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசி பஸ்ஸை இன்னும் தாமதமாகப் புறப்பட வைத்தார். மேலே வெளிச்சம் தெரிந்ததும் கீழே இரண்டு கடைகள் ஷட்டரை இறக்காமல் இருந்தன. பிறகு நாலு.

"ஊரை ஜோடிக்கிறது நம்ம வேலை இல்லை பிசின்" என்பார். "ஆறு மணிக்கு மேல வெளிய வர்றதுக்கு ஊருக்கு ஒரு சாக்கு குடுக்கிறதுதான்."

மிச்சமிருந்தது ஒன்றுதான். இத்தனை பேரும் பயிற்சி செய்ததை ஊர் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம். அதற்குத்தான் ஏலக்கூடம். ஏலம் நின்று பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் உயரமான கட்டடம். அதை அரங்கமாக்கி, முன்னால் கல் பாவிய சதுக்கம் அமைப்பதுதான் நாளை ஓட்டுக்கு வருகிறது. மன்றத்தில் ஓர் உறுப்பினர் சிமென்ட் வியாபாரி. அவருக்கு அந்த இடத்தில் அடுக்குமாடி கார் நிறுத்தம் வேண்டும். அவர் பக்கமும் கணிசமாக ஆட்கள் இருக்கிறார்கள்.

நாத்தனார் தன் சந்திப்புக்குப் போனார். பிசின் ஏலக்கூடத்தின் முன்னால் நின்றாள்.

அழகான முகப்புதான். உயரமான வளைவுகள், நடுவில் பெரிய கதவு. எதிரே வெற்றிடம். இன்ஷூரன்ஸ் கட்டடத்துக்கும் தொலைபேசி அலுவலகத்துக்கும் நடுவிலிருந்து காற்று நேராக வந்து அந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு காகிதப் பை சுற்றிச் சுற்றி வந்தது. வெயில் தரையில் பட்டுக் கண்ணில் அடித்தது.

யாரும் நிற்கவில்லை.

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் குறுக்கே வேகமாகப் போனார். இரண்டு பெண்கள் வந்தார்கள், காற்று முகத்தில் அடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டார்கள். பிசின் காத்திருந்தாள். யாராவது ஒருவர் நின்றால் போதும், அவரை வைத்து ஆரம்பிக்கலாம். கடைசியில், தானே ஓர் ஆளாக நின்று பார்ப்போம் என்று நடுவில் போய் நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்றும் தெரியவில்லை. தலைமுடி வாய்க்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவள் கால்கள் அவளைக் கேட்காமலே நகர ஆரம்பித்தன.

கூடத்தின் பின்பக்கத்திலிருந்து பஸ் பெருமூச்சு விட்டு நிற்கும் சத்தம் கேட்டது. அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

பின்பக்கம் வேறு உலகமாக இருந்தது. கட்டடத்தின் நிழல் அகலமாக விழுந்திருந்தது. சுவரையொட்டி, வண்டியிலிருந்து சரக்கு இறக்குவதற்காக இடுப்பளவு உயரத்தில் கட்டிய கல்மேடை. அதன் நடுவில் பழைய சரக்குக் கதவு. எதிரிலேயே பஸ் ஸ்டாப். மேடை முழுக்க ஆட்கள். ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் சீருடையில் ஒரு பெண் கையில் ஒன்றும் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நடுவில் மறந்துபோய் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சேர்ந்திசைக் குழுவில் பாடுகிற அம்மாள் ஒருத்தி ஆள்காட்டி விரலால் காற்றில் தாளம் போட்டாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரின் கால் அவரை அறியாமல் அந்தத் தாளத்துக்கு ஆடியது.

பிசினின் பையில் எப்போதும் கம்பித்துண்டுகள் கிடக்கும். அவள் விரல்கள் அவற்றை எடுத்து வளைக்க ஆரம்பித்தன. மூன்று ஆட்கள் தயாரான பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இடம் மாடலில் இல்லை. இத்தனை ஆட்களைத் தேடித் தேடி வைத்தவள், ஊரிலேயே அதிகம் பேர் உட்காரும் இடத்தை எப்படி விட்டாள்?

*

கடைவீதிச் சந்தின் முனையில் இருந்தது அவள் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடை. வயதான வாடிக்கையாளர் ஒருவருக்கு ஃபிரேம் மாட்டி, மூக்கில் உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிசின் உள்ளே வந்ததும், வா, தூரத்துப் பார்வையா கிட்டப் பார்வையா என்று வழக்கமான ஜோக்கை அடித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து வாடிக்கையாளரைச் சீக்கிரம் அனுப்பிவைத்தார்.

அவள் சுவரில் இருந்த ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கிற கண்ணாடிகள் வரிசையாக வைத்திருந்த குறுகலான பலகை. கண்ணாடிகளுக்கு அடியில் சாம்பல் வண்ணம். அதில் வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புச் சதுரம்.

அது அவள் பூசிய வண்ணம்.

போன வருடம் மாடலை முதன்முதலாக நகரமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அது லிஃப்டுக்குள் நுழையவில்லை. ஒரு கையகலம் அதிகம். மேலே ஆட்கள் காத்திருந்தார்கள். கணவர் கடைக்கு ஓடி ரம்பத்தை எடுத்து வந்து, பஸ் ஸ்டாப் இருந்த பின்பக்கத்து விளிம்பை நேராக அறுத்துவிட்டார். நல்ல பிளைவுட்டை எறிய மனம் வராமல் அதைக் கடையில் பலகையாக மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

பிசின் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். விளிம்பு அறுபட்ட பிறகு ஏலக்கூடத்தின் பின்சுவர்தான் மாடலின் எல்லையாகிவிட்டது. கூட்டங்களில் அந்தப் பக்கத்தை அறைச் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். எல்லோரும் முகப்பின் பக்கமே நின்றார்கள். வரைபடத்தில் பஸ் ஸ்டாப் இருந்தது. ஆனால் இவ்வளவு அழகான மாடல் இருக்கும்போது வரைபடத்தை யார் விரித்துப் பார்ப்பார்கள்? முதல் திட்டத்தில் கூடத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் இருந்தது. நாளடைவில் பின்வாசல் சாமான் அறையாகிவிட்டது. முன்னால் இன்னும் கம்பீரமாக ஒரு சதுக்கம் வேண்டும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அவள் செய்ததை நம்பினார்கள்.

அவள் சொல்லி முடித்ததும் கணவர் பலகையின் அறுபட்ட ஓரத்தை விரலால் தடவினார்.

"அப்ப பஸ் ஸ்டாப்பை அறுத்தவன் நான்தானா?"

"நீங்க லிஃப்டுக்காக அறுத்தீங்க. அது இல்லாம ஒரு வருஷம் வேலை செஞ்சது நாங்க."

அவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைக்க ஆரம்பித்தார். அக்கா சரியாகத் தூங்கி ஒரு மாதமாகிறது என்றார். இதை இன்றைக்குத்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே விட்டார். ஆணிகளைக் கழற்றிப் பலகையை அவளிடம் கொடுத்தார்.

"திட்டினா என்னையும் சேர்த்துத் திட்டட்டும்னு சொல்லு. ரம்பம் என்னுது."

*

நாத்தனார் வீட்டுக்கு வந்தபோது வெளியே விளக்குப் போட்டிருந்தார்கள். களைத்திருந்தாலும் குரலில் உற்சாகம் குறையவில்லை. இன்னும் இரண்டு ஓட்டுத் தேவைப்பட்டது, அதில் ஒன்று கிடைத்துவிட்டது. மற்றதும் கிட்டத்தட்ட வந்த மாதிரிதான் என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். தலைவர் மறுபடி போன் செய்தாராம். ஆள் வைத்தாயிற்றா என்று கேட்டாராம்.

பிறகு மேஜையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

மேஜை சுவரைவிட்டு நடுக்கூடத்துக்கு நகர்ந்திருந்தது. ஏலக்கூடத்தின் பின்னால் ஒரு கையகலப் பலகை கொக்கிகளால் சேர்க்கப்பட்டிருந்தது. ஆணித் துளைகள் அதில் அப்படியே இருந்தன. சுவரோரம் பிசின் புதிதாகச் செய்த கல்மேடை, பசை இன்னும் காயாமல்.

அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, இதுவரை யாரும் நின்றிராத அந்தப் பக்கத்தில் மண்டியிட்டார். தாடையை விளிம்பில் வைத்தார். சிவப்புச் சதுரத்தில் இரண்டு விரல்களை ஊன்றி, குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது செய்வதுபோல் விரல்களை நடக்கவிட்டார். விரல்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து கிளம்பி, பின்சுவரில் முட்டி நின்றன. பக்கவாட்டில் போய், ஒரு முனை திரும்பி, இன்னொரு முனை திரும்பி, காலியான சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றன.

"கதவு தப்பான பக்கம் இருக்கு" என்றார்.

பிசினுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நாலு வருட உழைப்பைப் பற்றி, நாளைக்கு ஓட்டு என்ற நிலையில், யார் இப்படிச் சொல்வார்கள்? யார் செய்தது என்று கேட்கவில்லை. ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்கவில்லை. கண்ணெதிரே தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார். இதற்காகத்தானே இத்தனை வருடம் இவர் பின்னால் நடந்தேன் என்று நினைத்தாள்.

நாத்தனார் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையில் அவள் கணவர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நாத்தனார் மெல்ல, தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோல் பேச ஆரம்பித்தார். கதவை மாற்றினால் வரைபடம் மாற வேண்டும். வரைபடம் மாறினால் தீயணைப்புத் துறை மறுபடி பார்க்க வேண்டும். ஓட்டு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் தேர்தல் வந்துவிடும். தேர்தலுக்குப் பிறகு யார் இருப்பார்களோ, சிமென்ட் வியாபாரி மட்டும் நிச்சயம் இருப்பார். மாடியில் பாடுகிறவர்கள் மாடியிலேயே பாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதுவும் எத்தனை நாளைக்கோ.

பேசி முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. முடிவெடுத்துவிட்டால் அவர் முகம் அப்படித்தான் ஆகும்.

"நாளைக்கு ஓட்டு விழட்டும் பிசின். கதவை அடுத்த கட்டத்துல நான் திருப்பிக்கிறேன், அது என் பொறுப்பு. இந்தப் பலகையைக் கழற்றி வை. சதுக்கத்துல ஆள் வச்சிடு."

சமையலறையில் குழாய் நின்றது.

பிசின் யோசித்தாள். நியாயமாகத்தான் இருந்தது. அண்ணி சொன்னால் செய்வார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கு அறுபது பேரைச் சதுக்கத்தில் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் சதுக்கத்துக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பார்கள். கல் பாவிய பிறகு யார் கதவைத் திருப்ப விடுவார்கள்? அந்த வெயிலிலும் காற்றிலும் ஆளில்லாத அரங்கத்தின் வாசலில் அண்ணி தனியாக நிற்பதை அவளால் பார்க்க முடிந்தது. ஆனால் அவள் தயங்கியதற்கு அதுகூடக் காரணமில்லை. அவள் கைகளுக்குத்தான் அது வரவில்லை. மதியம் அந்தச் சதுக்கத்தின் நடுவில் நின்றபோது தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தாளே, அந்தத் தவிப்பை அறுபது பேருக்குக் கொடுக்க அவளால் ஆகாது.

தன் தகர டப்பாவைத் திறந்தாள். உள்ளே பஞ்சில், மாடலில் இன்னும் இடம் கிடைக்காத ஆட்கள் படுத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் செய்த மூவரும் மேலாக இருந்தார்கள், வண்ணம் சற்றுமுன் காய்ந்திருந்தது. இடுக்கியால் முதல் ஆளை எடுத்தாள். விரல் உயர்த்தித் தாளம் போடும் அம்மாள். கல்மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தாள். அடுத்து நெற்றியில் கை வைத்த நர்ஸ்.

நாத்தனார் அவர்களைப் பார்த்தார். தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல் அவர் உதடு லேசாகச் சிரிக்கப் போயிற்று, பிறகு நின்றுவிட்டது.

"சரி. இவங்க இருக்கட்டும். மத்தவங்களை முன்னால வை."

பிசின் தலை நிமிர்ந்தாள்.

"அவங்கல்லாம் யாரு அண்ணி? எதுக்கு அங்க நிக்கிறாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. நாத்தனார் சதுக்கத்தைப் பார்த்தார். இத்தனை மனிதர்களிடம் இத்தனை கேள்வி கேட்டவருக்கு, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்காது. அவர் கண்கள் சிவந்திருந்தன, தூக்கமில்லாததாலா வேறெதனாலா என்று பிசினால் சொல்ல முடியவில்லை.

பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"டப்பாவைக் குடு. நானே வச்சுக்கிறேன்."

குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் கொடுத்துவிட்டுக்கூடப் போயிருக்கலாம். சமையலறை வாசலில் அவள் கணவர் ஈரக்கையோடு வந்து நின்றார், அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

பிசின் தூங்குகிற மனிதரை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டாள். டப்பாவை மூடினாள். மூடி பொருந்திவிட்டதா என்று கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணி. கதவைத் திருப்பிக் காட்டச் சொன்னீங்கன்னா விடியறதுக்குள்ள திருப்பித் தரேன். வேற எது சொன்னாலும் செய்யறேன். அங்க ஆள் வைக்க மாட்டேன். உங்களையும் வைக்க விடமாட்டேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிசின் டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிற மனிதரின் முதுகில் ஒரு சொட்டுப் பசை தடவி, அவரை நிழலில் சாய்த்து உட்கார வைத்தாள்.